இந்த மாதம் எத்தனை முட்டி?

டமார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே அபாய மணி விடாமல் அடித்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது.

மூன்றாவது மாடியில் தன் அறை வாசலில் நின்றிருந்த முட்டி சார் கண்களை மூடிக்கொண்டார். உள்ளே மாட்டியிருப்பது யார் யார் என்று அவருக்குத் தெரியும். கீழே வரவேற்பறைக்கு ஆள் அனுப்பி அவர்களை ஏற்றிவிடச் சொன்னதே அவர்தான். மூன்று பேர். மூன்று பேருக்கும் முட்டி வலி. அன்று மாதத்தின் கடைசி நாள். அவர்களைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய பெரிய டாக்டர் மதியத்தோடு கிளம்பிவிடுவார்.

முட்டி சாருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முட்டி வலிக்கு ஒரு கம்பெனி புது மாத்திரை கண்டுபிடித்து, அது வேலை செய்கிறதா என்று பல ஊர் ஆஸ்பத்திரிகளில் சோதித்துக்கொண்டிருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனையைக் கவனித்துக்கொள்பவர் அவர். முட்டி வலிக்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று எனக்கே தெரியாது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் எழுந்து போகாதவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அது பழைய வேலை. அதை அவர் சந்தோஷமாகவே செய்துகொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் தலைமை அலுவலகத்தில் ஒரு புது அதிகாரி வந்து சேர்ந்ததிலிருந்து புது வேலை ஒன்று முளைத்தது. அடுத்த மாதம் எத்தனை பேர் சேருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன எண்ணிக்கை பலிக்கவும் வேண்டும்.

அந்த அதிகாரிக்கு எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ஒரே பட்டப்பெயர்தான். துல்லியம். அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. குரலை உயர்த்த மாட்டார். கோபப்பட மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

இந்த மாதத்துக்கு முட்டி சார் எழுதி அனுப்பியிருந்தது ஏழு. கையில் இருந்தது நாலு. மீதி மூன்றும் லிஃப்டுக்குள் இருந்தன.

மெக்கானிக் வந்து கம்பியைக் கொடுத்து நெம்பியதில் கதவு பாதி திறந்தது. லிஃப்டின் தரை இரண்டாவது மாடிக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் நின்றது. ஸ்டூல் கொண்டுவரட்டும், பொறுங்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மூவரில் ஒருவரான கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் தொப்பென்று குதித்தார். குதித்த வேகத்திலேயே படிக்கட்டில் இறங்கி ஓடினார். அதே படிக்கட்டில்தான் பெரிய டாக்டரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது, என்னைத் தாண்டி ரெண்டு ரெண்டு படியா இறங்கிப் போனது?"

"நம்ம நோயாளிதான் டாக்டர். கடுமையான முட்டி வலி" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த முட்டி சார்.

டாக்டர் ஒரு கணம் நின்று தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அவருக்கு இருக்கிற வலி எனக்கு இருந்தாத் தேவலை" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.

மற்ற இருவரையும் தூக்கி இறக்கினார்கள். முட்டி கிடக்கட்டும், முதலில் படபடப்புக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அவர்களும் போய்விட்டார்கள்.

ஏழு என்று எழுதி நாலு சேர்ந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது. அதில் வருத்தம் என்ற வார்த்தை இருந்தது.

சூடு கண்ட முட்டி சார் அடுத்த மாதத்துக்கு அடக்கமாக நாலு என்று எழுதினார். அந்த மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வெட்கப்பட்டுப் புது லிஃப்ட் போட்டார்கள். உள்ளே கண்ணாடி, காற்றாடி, உட்கார ஒரு பலகை. முட்டி வலி உள்ளவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சும்மா ஒரு தடவை மேலே போய் வரலாம் என்று வந்தவர்கள் எல்லாம் மூன்றாவது மாடியில் இறங்கினார்கள். பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள்.

முட்டி சார் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் துல்லியம் நேரிலேயே வந்துவிட்டார்.

நாலு பேருக்குத்தான் மாத்திரை அனுப்பியிருந்தார்கள். மீதி ஒன்பது பேர் பதினெட்டு முட்டிகளோடு காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களை, மாத்திரை வரவில்லை, அப்புறம் வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதில் பாதிப் பேர் முட்டி சாரைப் பார்த்த பார்வையை அவர் ரொம்ப நாள் மறக்கவில்லை.

"குறைஞ்சா எனக்கு வருத்தம். கூடினா அது குற்றம்" என்றார் துல்லியம், மென்மையாக. "நிறையப் பேர் வரணும்னு நான் கேட்கலை. சொன்னபடி வரணும். துல்லியம், சார். அவ்வளவுதான் கேட்கிறேன்."

போகும்போது, இந்த ஆஸ்பத்திரியில் சோதனையை மூடிவிடலாமா என்று மேலிடம் யோசிப்பதாகவும், மூடினால் முட்டி சாருக்கு மருந்துக் கிடங்கில் ஓர் இடம் தயாராக இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கிடங்கு இருந்த ஊருக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும்.

முட்டி சாரின் மனைவி உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளுக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இருவரையும் விட்டுவிட்டுத் தனியாக ஓர் அறையில் சோறு பொங்கித் தின்னும் வயதை அவர் தாண்டிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, அம்மாவும் மகளும் சண்டை போடுவதைக் கேட்டபடி கண்ணயர்வது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சுகம். அது போய்விடக் கூடாது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாடு ஆனதும் விடைத்தாள் கட்டுக்கு எதிரே உட்கார்ந்து மனைவியிடம் உதவி கேட்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல ஒரு சூத்திரம் வேண்டும்.

"எதை வச்சுப் போடச் சொல்றீங்க?"

"மழை பெஞ்சா யாரும் வர மாட்டாங்க. லிஃப்ட் ஓடினா வருவாங்க. மாச ஆரம்பத்துல கூட்டம் இருக்கும். பரீட்சை நேரத்துல பேரப்பிள்ளைங்களைப் பார்த்துக்கணும்னு வர மாட்டாங்க."

"மழை எப்ப பெய்யும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ இது கணக்கு இல்லைங்க. ஜோசியம்" என்றாள் டீச்சர். ஆனாலும் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். மழைக்கு இரண்டு கழித்து, லிஃப்டுக்கு மூன்று கூட்டி, பரீட்சைக்கு ஒன்று குறைத்து ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தாள். நியாயமாகப் பார்த்தால் இதற்குத் தானே மார்க் போட மாட்டேன் என்றும் சொன்னாள்.

சூத்திரம் பத்து என்றது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரே ஒரு முட்டி வலிக்காரர் குறைந்தார்.

மைத்துனன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போங்க மாமா. முப்பது வருஷமா முட்டி, முட்டின்னுதானே படுத்தி எடுக்கிறாங்க."

முட்டி சார் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். மாமியாரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். லிஃப்டில் பலகையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை உத்தியோகம் பார்க்கிற இடம் இதுதானா என்று சுற்றிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு பயிற்சி டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டார்.

"இந்த வயசுல இப்படி ஒரு முட்டியை நான் பார்த்ததே இல்லை. நல்லாப் பார்த்துக்கங்க. குறையே இல்லாத முட்டின்னா இப்படித்தான் இருக்கும்."

மாமியாரின் முகம் போன போக்கைப் பார்த்து முட்டி சார் இரண்டடி தள்ளி நின்றார். செய்தி குடும்பம் முழுக்கப் பரவியது. அதுவரை உட்கார்ந்த இடத்துக்கே காபி வந்துகொண்டிருந்த மகன் வீட்டில், "டாக்டரே சொல்லிட்டாரே, நீங்களே எழுந்து போட்டுக்கங்க அத்தை" என்று மருமகள் வாய் திறந்துவிட்டாள். அந்த வார இறுதியில் மாமியார் இரண்டு பெட்டிகளோடு முட்டி சார் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"என் வலியை இல்லைன்னு ஆக்கினது நீங்க. இனி கூடவே இருந்து பாருங்க மாப்பிள்ளை, இருக்கா இல்லையான்னு" என்றார். அன்று முதல் முட்டி சாரின் சாய்வு நாற்காலி அவருடையதாகிவிட்டது.

பத்து என்று எழுதி ஒன்பது. இது கடைசி வாய்ப்பு என்று துல்லியம் எழுதினார். எழுதி அனுப்புவதால்தான் பொறுப்பில்லாமல் போகிறது, இனி மாதத்தின் முதல் நாள் தன்னிடம் ஃபோனில், வாய் திறந்து, எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. முட்டி சாரின் அறை எக்ஸ்ரே அறையை ஒட்டியது. சுவரில் ஈயத் தகடு. ஃபோனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. சிக்னல் கிடைப்பது தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலில் மட்டும். அங்கேதான் சூட்டு ஒத்தடத்துக்கு வருபவர்கள் வரிசையாக பெஞ்சில் காத்திருப்பார்கள். எல்லோரும் முட்டி வலிக்காரர்கள். எல்லோரையும் சோதனையில் சேரச் சொல்லி அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். பார்க்கலாம், சேர்ந்தால் போச்சு, வலி எங்கே ஓடிவிடப் போகிறது என்பார்கள்.

அவர்களுக்கு நடுவில் நின்று, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முட்டி சார் கத்தினார். "எட்டு சார். இந்த மாசம் எட்டு. கேட்குதா? எட்டு. இல்ல சார், கூடாது. இல்ல சார், குறையாது. சரி சார். தெரியும் சார். கிடங்குக்குத்தான் சார்."

தலையை உள்ளே இழுத்தபோது பெஞ்சே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டார்.

அந்த மாதம் எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

முட்டி சார் நம்பவில்லை. திரும்பத் திரும்ப எண்ணினார். நர்ஸை விட்டு எண்ணச் சொன்னார். எட்டுதான். சூத்திரத்தில் மழைக்கு இரண்டுக்குப் பதிலாக ஒன்றரை என்று மாற்றியிருந்தார். அதுதான் காரணம் என்று தெரிந்தது.

அடுத்த மாதம் ஒன்பது என்று கத்தினார். ஒன்பது பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் பத்தாவதாக ஒரு பெரியவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். எத்தனை பேர் ஆச்சு என்று கேட்டார். ஒன்பது என்றதும், அப்படியானால் ஒண்ணாம் தேதிக்கு மேலே வருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. முட்டி சார் உடனே குறித்துக்கொண்டார். தூறலுக்கு ஒன்று கழிக்க வேண்டும்.

"என்னங்க, எனக்கு ஒண்ணும் சரியாப் படலை" என்றாள் டீச்சர். "இவ்வளவு பிசகாம ஒரு விடை வந்தா, பையன் பக்கத்துல பார்த்து எழுதியிருக்கான்னுதான் நான் சந்தேகப்படுவேன்."

அதற்கடுத்த மாதம்தான் விபரீதம் நடந்தது. மாமியார் வலி இருப்பதை நிரூபிக்க இரவெல்லாம் முனகியதில் முட்டி சாருக்குத் தூக்கமில்லை. சூத்திரம் ஆறு என்று சொல்லியிருந்தது. ஜன்னலில் தலையை நீட்டியவர், போன வருஷக் கணக்கு எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்துப் பதினாலு என்று கத்திவிட்டார். துல்லியம் திருப்பிக் கேட்டார். முட்டி சாரும் தூக்கக் கலக்கத்தில் பதினாலுதான், பதினாலுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மறுபடி கூப்பிட்டு மாற்றிச் சொன்னால், துல்லியம் இல்லாத ஆள் என்று அப்போதே முடித்துவிடுவார்கள்.

பெஞ்சில் அன்று பேச்சு பலமாக இருந்தது. பதினாலா, பதினாலா என்று யாரோ யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டி சார் காதில் எதுவும் விழவில்லை. அவர் மனதில் ஏற்கெனவே ரயில் கிளம்பியிருந்தது.

ஆனால் பதினாலு பேர் வந்தார்கள். கார் மாஸ்டர்கூட வந்தார். இந்தத் தடவை நொண்டிக்கொண்டே வந்தார். குதித்த அன்றைக்குச் சுளுக்கிய முட்டி அப்புறம் நிஜமாகவே கெட்டுவிட்டதாம். தையல்கார அம்மா தன் அக்காவையும், அக்காவின் சம்பந்தியையும் அழைத்துவந்து நிறுத்தினார். எல்லோருடைய எக்ஸ்ரேயிலும் தேவையான அளவு தேய்மானம் இருந்தது.

முட்டி சார் வீட்டுக்கு வந்து சூத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஆறு எப்படிப் பதினாலு ஆனது? தப்பு சூத்திரத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே கூட்டி, இங்கே பெருக்கி, கடைசியில் தன் தூக்கமின்மைக்கு எட்டு என்று சேர்த்ததும் கணக்குச் சரியாக வந்தது. இரண்டு பக்கம் ஓடிய அந்தச் சூத்திரத்தை மகளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, அப்பா நீங்க கொஞ்ச நாள் லீவு போடுங்க என்றாள்.

தலைமை அலுவலகத்தில் அப்படி நினைக்கவில்லை. நாற்பது ஆஸ்பத்திரிகளில் ஒன்றுகூட ஒரு மாதம் பிசகாமல் சொன்னதில்லை. இவர் மூன்று மாதம் தொடர்ந்து சொல்லியிருக்கிறார். அதுவும் திடீரென்று பதினாலு என்று தாவி, அதையும் பிடித்திருக்கிறார். துல்லியம் ஃபோனில் கூப்பிட்டபோது அவர் குரல் முதல் முறையாகத் தழுதழுத்தது. சூத்திரத்தை எழுதி அனுப்பச் சொன்னார். தூக்கமின்மைக்கு எட்டு என்ற இடத்தில்தான் இவருடைய மேதைமை இருக்கிறது என்றார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. முட்டி சாருக்குப் பதவி உயர்வு. நாற்பது ஆஸ்பத்திரிகளுக்கும் எத்தனை பேர் வருவார்கள் என்று இனி அவர்தான் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் எல்லா ஊருக்கும் மாத்திரை போகும். உடனே தலைமை அலுவலகத்தில் வந்து சேர வேண்டும்.

தலைமை அலுவலகம், கிடங்கைத் தாண்டி இன்னும் ஒரு பகல் ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருந்தது.

டீச்சர் உத்தரவை இரண்டு முறை படித்தாள். "போகக் கூடாதுன்னு நாலு மாசமா இவ்வளவு பாடுபட்டீங்க" என்றாள். "பாடுபடாம இருந்திருந்தா கிடங்கோட போயிருக்கும்."

வேண்டாம் என்று எழுதிக் கேட்டார். மேதைகளின் அடக்கம் என்று பதில் வந்தது. மாமியார் தானும் கூட வருவதாகச் சொல்லிப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். புது ஊர் டாக்டருக்காவது கண் நன்றாகத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

கடைசி நாளன்று முட்டி சார் தாழ்வாரத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நர்ஸ் அழுதாள். பெரிய டாக்டர் கைகுலுக்கி, மாமியாரின் எக்ஸ்ரேயை வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஜன்னலோர பெஞ்சில் எல்லோரும் எழுந்து நிற்க முயன்றார்கள். அவர் வேண்டாம், உட்காருங்கள் என்று கையமர்த்திவிட்டு, நாளை மறுநாள் நாற்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு முன்னால் தன் சூத்திரத்தை விளக்கப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது, இத்தனை களைப்புக்கு நடுவிலும், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தையல்கார அம்மா, ஃபோனில் இவரைத் திட்டிக்கொண்டே இருந்த அந்த மனுஷன் அங்கேதான் இருக்கிறாரா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் உச்சுக்கொட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் முட்டி சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, கவலையோடு கேட்டார்:

"நீங்க போயிட்டா, மாசாமாசம் எங்கள்ல எத்தனை பேர் வந்து சேரணும்னு இனிமே யாரு தம்பி எங்களுக்குக் கத்திச் சொல்லுவா?"